பிரேக்கில் கட்டிய ரிப்பன்

மலை மேல எங்க ஊரு, ஊத்துப்பாறை. அந்த ஊர்ல ஒரு பச்சைக் காரு இருந்துச்சு, அந்தக் காருக்கு ஒரு மனுசன் இருந்தாரு, அந்த மனுசனுக்கு, காருக்கு அடுத்தபடியா, நான் வாக்கப்பட்டேன். என் பேரு வெள்ளத்தாயி. அவரு பேரு குருவையா, ஆனா ஊர்ல கூப்பிடுறது 'இப்போதைக்கு' குருவையான்னுதான். ஏன்னா காரு எங்க நின்னாலும், எது உடைஞ்சாலும், எது ஒழுகினாலும், வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு பானெட்டைத் தூக்கி, பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட எதையாவது வாங்கி, எதையாவது அடைச்சு, எதையாவது கட்டி, "இப்போதைக்கு ஓடட்டும், அப்புறமா நல்லாப் பாத்துக்கிருவோம்"ம்பாரு. அந்த அப்புறம் மட்டும் எங்க கல்யாணத்துக்குப் பெறகு ஒரு நாளும் விடிஞ்சதில்ல. நான் சத்தம் போட்டா, "ஓட்டைச் சட்டின்னா என்னடி, கொழுக்கட்டை வெந்தாச் சரி"ன்னு ஒரு பழமொழிய எடுத்து விடுவாரு. வேகுறது கொழுக்கட்டை இல்ல, என் வயிறுன்னு அந்த மனுசனுக்கு எங்க தெரியப்போகுது.

காரைச் சும்மா திட்டவும் முடியாது. பஸ்ஸு ஏறாத மலை எங்க மலை. அந்தக் காரு வர்றதுக்கு முன்னாடி, நோயாளியத் தூளி கட்டித் தோள்ல தூக்கிக்கிட்டு வளைவு வளைவா இறங்கணும். கீழ டவுனு ஆசுபத்திரிக்குப் போயிச் சேந்தவுகளும் உண்டு, போற வழியிலேயே சேந்தவுகளும் உண்டு. பச்சைக் காரு வந்த பெறகு தூளிக் கம்பெல்லாம் பந்தல் காலாப் போச்சு. பிரசவம், கல்யாணம், பாம்புக்கடி, பரிட்சை, பீன்ஸ் மூட்டை எல்லாமே அதுலதான். அதனால காரு எங்க வீட்டுதா ஊருதான்னு கேட்டா, டீசலுக்கும் திட்டுக்கும் எங்க வீட்டுது, மத்ததுக்கெல்லாம் ஊருது.

முதல்ல ஒழுகினது ரேடியேட்டரு. சீனியம்மா மதினி சந்தையில மஞ்சப்பொடி வாங்கிக்கிட்டுத் திரும்பி வர்றப்ப, பாதி மலையில பானெட்டுல இருந்து புகையாக் கெளம்ப, எங்க வீட்டு மனுசன் மதினி பையில இருந்து ஒரு கை மஞ்சப்பொடிய அள்ளி ரேடியேட்டருக்குள்ள போட்டாரு. இது டிரைவருமாரு எல்லாரும் செய்யிற வைத்தியந்தான். ஒழுகல் நின்னுபோச்சு. காரு ஊருக்குள்ள வந்து மதினி இறங்குறாக, ரெண்டு கண்ணுலயும் தண்ணி தாரை தாரையாக் கொட்டுது. "என்ன மதினி, அண்ணன் ஞாபகமா?"ன்னேன். "அட போ தாயி, அழல, ஒழுகுது"ன்னாக. அன்னையில இருந்து ஒழுகிக்கிட்டேதான் இருந்துச்சு. ஒரு துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு, தொடைச்சுத் தொடைச்சுப் பிழிஞ்சுக்கிட்டே களையெடுத்தாக, கல்யாண வீட்டுல பந்தி பரிமாறினாக. சாவு வீட்டுக்காரங்கதான் ரொம்ப மரியாதையா வந்து கூட்டிப் போனாங்க.

அடுத்தது சைலென்சரு. தொங்கிக்கிட்டு தடதடன்னு அடிச்சதை சலூன் அழகரு கடையில இருந்த கம்பிய வாங்கிக் கட்டினாரு. காரு சத்தம் அடங்குச்சு. அழகரு வாயைத் தொறந்தா, சொல்லுக்குச் சொல்லு தொண்டைக்குள்ள தகரம் தட்டுற மாதிரி தடதடன்னு கேக்க ஆரம்பிச்சுச்சு. டேங்கு ஓட்டைய அடைக்க ரேசன் கடை பரமன் சோப்பைக் குடுத்தான், அவன்கிட்டச் சொன்ன ரகசியம் எதுவும் சாயங்காலம் வரைக்கும் தங்காமப் போச்சு. ஸ்டியரிங் இடது பக்கமா இழுக்குதுன்னு பூசாரி வீட்டு மரச்சீவலை ஆப்பா வச்சாரு, பூசாரி கோயிலுக்குப் போகணும்னா இடது பக்கமா ஊரையே ஒரு சுத்துச் சுத்தித்தான் போயிச் சேர முடிஞ்சுச்சு. பேட்டரி முனை லூசா இருக்குன்னு தேவசகாயம் வாத்தியாரோட சிகரெட்டுப் பெட்டி வெள்ளித்தாளை வச்சு அடைச்சாரு. மறுநாள் காலையில வாத்தியாரு வீட்டு வாசப்படியில நின்னமேனிக்கு நிக்கிறாரு, பிள்ளைங்கெல்லாம் சேந்து பின்னாடி இருந்து ஏலேலோன்னு தள்ளவும்தான் ரெண்டு இருமு இருமி நடக்க ஆரம்பிச்சாரு.

இதையெல்லாம் பாத்து ஊரு ஆடிப்போச்சுன்னு நெனைப்பீக. அதான் இல்ல. "யாரு சாமானோ அவுகளுக்குக் கோளாறு, அவ்வளவுதான?"ன்னு மழை வந்தா குடை பிடிக்கிற மாதிரி எடுத்துக்கிருச்சு. ஒரு நாள் அழகரு குடுத்த கம்பி ரோட்டுல அத்து விழுந்துச்சு. அழகரு தொண்டை அந்த நிமிசமே சுத்தமாச்சு, காரு மறுபடியும் தடதடன்னுச்சு. வேற ஒருத்தன் வேலிக் கம்பியக் கட்டவும் அவன் தொண்டைக்குப் போச்சு. அப்பத்தான் ஊருக்கு வழி தெரிஞ்சுச்சு. கட்டினதை அவுத்தா கோளாறு காருக்கே போகும், வேற ஆளு சாமானைக் கட்டினா அந்த ஆளுக்குப் போகும்.

வழி தெரிஞ்ச ஊரு என்ன செஞ்சிருக்கணும்? காரைக் கீழ கொண்டுபோயி, மெக்கானிக் ஜெபமணி பட்டறையில விட்டு, இறக்க வேண்டியதை இறக்கி, மாத்த வேண்டியதை மாத்தி, நல்லாப் பாத்திருக்கணும். நல்லா இருக்கே கதை! மந்தையில கூட்டம் போட்டாங்க. திருவிழாவுல நாளுக்கு ஒரு வகையறா மண்டகப்படி எடுக்கிற மாதிரி, கோளாறுக்கும் மண்டகப்படி வச்சாங்க. தை மாசம் ரேடியேட்டரு மேலத்தெருவுக்கு, மாசியில கீழத்தெருவுக்கு, சைலென்சரு பங்காளிகளுக்குள்ள சுத்தி வரட்டும்னு பேசி முடிச்சு, கோளாறு எடுத்த ஆளுக்குக் கோயில்ல பரிவட்டம் கட்டணும்னும் முடிவு பண்ணாங்க. பரிவட்டம்னதும் பிடிச்சுது பாருங்க போட்டி. "போன தடவையும் அவன் வகையறாதான் பேட்டரி எடுத்துச்சு, நாங்க என்ன வக்கத்துப் போனவுகளா?"ன்னு அண்ணந்தம்பி கைகலப்பு வரைக்கும் போச்சு. 

நான் கூட்டத்து நடுவுலயே எந்திரிச்சேன். "ஏய்யா, உங்களுக்கெல்லாம் கூறு இருக்கா? ஒரேயடியா பட்டறையில விட்டா என்ன?"

ஊர்த்தலைவரு பெருமாள்சாமி தாடியத் தடவிக்கிட்டே, "பட்டறையில விட்டா ஒரு மாசம் ஆகும்கிறான் தாயி. ஒரு மாசம் காரில்லாம மறுபடியும் தூளி கட்டவா? இப்ப என்ன கெட்டுப்போச்சு? கண்ணுல தண்ணி வருது, வரட்டும். கண்ணுக்கு நல்லதுதான்"னாரு.

எங்க வீட்டு மனுசன் மூலையில உக்காந்து பெருமையாச் சிரிச்சுக்கிட்டு இருந்தாரு. அவரு குடுமி அங்கதான் எனக்குச் சிக்குச்சு, ஆனா அன்னைக்கு நான் பிடிக்கல. இத்தனை வருசத்துல, இத்தனை ஓட்டை அடைச்சதுல, சொந்தமா ஒரு முழக் கயிறு அந்த மனுசன் குடுத்ததில்ல. எல்லாம் அடுத்தவன் வீட்டுச் சாமான்.

எங்களுக்கு ஒரே மக, காளீஸ்வரி. பன்னெண்டாவது படிச்சா, ரெட்டைச் சடை, சிவப்பு ரிப்பன். கீழ டவுனு பள்ளிக்கொடத்துக்கு அப்பன் கூடவே காருல போவா. மாசி மாசத்துல ஒரு காலையில, ஒரு வளைவுல பிரேக்கு மிதிச்சா கால் தரை வரைக்கும் போகுது. மண்மேட்டுல இடிச்சு நிறுத்தி, கீழ குனிஞ்சு பாத்தா பிரேக்கு ஆயில் போற குழாய் இணைப்புல கசியுது. அவரு அங்கிட்டும் இங்கிட்டும் பாத்தாரு. வண்டியில மக மட்டுந்தான். ஒரு வார்த்தை கேக்கல, யோசிக்கல. கையை நீட்டி அவ சடையில இருந்த ரிப்பனை உருவி, குழாயில நாலு சுத்துச் சுத்தி இறுக்கிக் கட்டிப்புட்டாரு. பிரேக்குக் குழாய் ரிப்பனுக்கு நிக்குமா? எங்க ஊர்ல நின்னுச்சு.

காருக்குள்ள ஏற வந்த காளீசு ஏறாம, காரைத் தாண்டி நடந்தா. "ஏ புள்ள, எங்க போற?"ன்னு அவரு கூப்பிட, "தெரியலப்பா, நிக்க மாட்டேங்குதுப்பா"ன்னு சொல்லிக்கிட்டே நடந்தா. இறக்கம் வரவும் நடை ஓட்டமாச்சு. அவரு வண்டியை எடுத்து முன்னாடி போயி மறிச்சு, தூக்கிப் போட்டு ஊருக்குக் கொண்டாந்தப்ப, சீட்டுல கிடந்தும் அவ காலு ரெண்டும் நடந்துக்கிட்டே இருந்துச்சு.

ஊத்துப்பாறையில சமதளம்னா பள்ளிக்கொடத்து மைதானம் ஒண்ணுதான். அங்க விட்டோம். காளீசு சுத்திச் சுத்தி நடந்தா. நான் கூடவே நடந்து வாயில சோத்தை ஊட்டினேன். அவ சேக்காளிங்க முன்னாடி பின்பக்கமா நடந்துக்கிட்டே புத்தகத்தை விரிச்சுப் பிடிச்சாங்க. தூக்கம் வந்தா என் தோள்ல தலையைச் சாச்சுக்கிட்டு, கண்ணை மூடினாலும் நடந்தா. தூங்குறப்ப "அம்மா, உக்காரணும்மா"ன்னு முனகுவா. பரிட்சை உக்காந்துதான எழுதணும்? பரிட்சை கூட எக்கேடோ கெட்டுப் போகட்டும், எம்புள்ள ஒரு நிமிசம் உக்காந்தாப் போதும்னு நான் கும்பிடாத சாமி இல்ல.

ரிப்பனை அவுக்கலையான்னு கேப்பீக. அன்னைக்கே போனேன். கையை நீட்டுறேன், பெருமாள்சாமி மருமகளுக்கு இடுப்பு வலின்னு ஓடி வர்றாங்க. காளீசுதான் மைதானத்துல இருந்து கத்தினா, "அம்மா, அந்த அக்கா போயிட்டு வரட்டும்மா, நான் நடந்துக்கிறேன்"னு. மறுநாளு போனேன், ஒரு பெரியவருக்கு மூச்சுத் திணறல். அதுக்கு மறுநாளு பீன்ஸ் அழுகுதுன்னாங்க. பெரிய அவசரத்துல ஆரம்பிச்சு, சின்ன அவசரத்துல வந்து, கடைசியில பெருமாள்சாமி சம்பந்தி வீட்டு விருந்துக்குப் போறதுக்கெல்லாம் எம்புள்ள நடந்தா.

மந்தையில போயி நின்னேன். "மண்டகப்படி வச்சீகள்ல? பிரேக்கை யாரு எடுக்கிறீக? மேலத்தெருவா, கீழத்தெருவா? பரிவட்டம் வேணுமே உங்களுக்கு, வாங்கய்யா!" கண்ணுத்தண்ணிக்குச் சண்டை போட்டவன், இருமலுக்குச் சண்டை போட்டவன், எல்லாம் தரையைப் பாத்தான். பெருமாள்சாமிதான் கடைசியில, "சின்னப் புள்ள, காலுல தெம்பு இருக்கு. பங்குனித் திருவிழாவுக்குக் கரகம் காருலதான இறங்கணும்? திருவிழா முடியட்டும் தாயி, இப்போதைக்கு..."ன்னாரு. என் வீட்டுல ஒருத்தருதான் 'இப்போதைக்கு'ன்னு நெனைச்சிருந்தேன், ஊரே ஆயிப்போச்சு.

அவுக அந்த அதிசயத்தை எப்படி ஏத்துக்கிட்டாங்க தெரியுமா? மறுநாளு காலையில மைதானத்துக்குப் போறேன், தரை பூராம் கேப்பைக் கதிரு. எம்புள்ள சும்மாதான நடக்குது, மிதிபட்டு மணி உதிரட்டும்னு அறுத்த கதிரைக் கொண்டாந்து பரப்பி வச்சிருக்கானுக. மாடு மாதிரி எம்மக அது மேல சுத்திச் சுத்தி வர்றா. மாசி முறைக்கு மறுபடியும் மஞ்சப்பொடி குடுத்திருந்த சீனியம்மா மதினி மட்டும் ஓரமா நின்னு, "இது அடுக்குமா, இது அடுக்குமா"ன்னு பொலம்பிக்கிட்டு இருந்தாக. அவுக அழுகிறாகளா ஒழுகுதான்னு அன்னைக்கு எனக்குத் தெரியல.

அந்த நேரம் பாத்து மழை பிடிச்சுச்சு. கதிரு வழுக்க, காளீசு மல்லாக்க விழுந்தா. விழுந்தவ காலு நிக்கல. மழைத் தண்ணி முகத்துல அடிக்க, வானத்தைப் பாத்துக்கிட்டு, ரெண்டு காலும் வெறும் காத்துல நடந்துக்கிட்டே இருக்கு. பாதத்துல வெடிப்பு வெடிப்பா ரத்தம். "அம்மா, யாரையாவது பிடிச்சு நிறுத்தச் சொல்லும்மா"ங்கிறா.

எனக்கு உச்சந்தலையில ஏறுச்சு. நேராப் போனேன். அவரு காருக்கடியில படுத்து வேற எதையோ கட்டிக்கிட்டு இருந்தாரு. காலைப் பிடிச்சு வெளிய இழுத்தேன்.

"அரைஞாண் கயித்தை அவுருய்யா."

"ஏ, கூறுகெட்டவளே! அதை ஆம்பளை செத்தாத்தான்டி அறுப்பாக!"

"அப்ப செத்துட்டதா நெனைச்சுக்க. ரிப்பனை அவுத்துட்டு உன் கயித்தைக் கட்டு. உன்னோடது. ஊரான் வீட்டுது இல்ல, எம்புள்ளையுது இல்ல, உன்னோடது. கட்டிட்டு வண்டியைக் கீழ கொண்டுபோறோம். இன்னைக்கே."

"நான் நிக்க மாட்டேனே... அப்ப யாருடி ஓட்டுறது?"

"யாரா? நீயும் ஊரும் பின்னாடி இருந்து தள்ளுறப்ப எல்லாம் ஸ்டியரிங்குல உக்காந்தது யாரு? உங்க ஆத்தாளா?"

அவரு என் முகத்தைப் பாத்தாரு. பெறகு மைதானத்துப் பக்கம் பாத்தாரு. அங்க இருந்து அந்தக் காலு ரெண்டும் தெரிஞ்சுச்சு. கதிரு அறுத்தவன்கிட்ட அரிவாளை வாங்கி இடுப்புக் கயித்தை அறுத்தாரு, காருக்கடியில போயி ரிப்பனை அவுத்தாரு. மைதானத்துல காலு நின்னுச்சு. அந்தக் கசியிற குழாயில கறுப்புக் கயித்தைச் சுத்தி முடிச்சுப் போட்டு வெளிய வந்தாரு, வந்தவரு அப்படியே நடக்க ஆரம்பிச்சாரு. பெருமாள்சாமி, "திருவிழா, திருவிழா"ன்னு குறுக்க வந்தாரு. "கரகத்தை நடந்து தூக்கிட்டுப் போங்க, சாமிக்குக் கால் வலிக்காது"ன்னுட்டு, நானும் சீனியம்மா மதினியும் காளீசைத் தூக்கிப் பின் சீட்டுல கிடத்தினோம். தலை சீட்டுல பட்டதுதான் தெரியும், தூங்கிப்போனா.

வாத்தியாரைத் தள்ளிப் பழகின பிள்ளைங்க எல்லாம் சேந்து காரைத் தள்ளி விட்டாங்க. அப்புறம் என்ன, இறக்கந்தான். காருக்கு முன்னாடி எங்க வீட்டு மனுசன் ஓடுறாரு, பின்னாடி நான் ஓட்டுறேன். நான் பிரேக்கை மிதிக்க மிதிக்க காரு பூனை மாதிரி அடங்கி நிக்குது, அவரு "ஐயோ ஐயோ"ன்னு இன்னும் வேகமா எடுக்கிறாரு. சொல்றதுக்கென்ன, முதல் ரெண்டு வளைவுல எனக்குக் கொஞ்சம் சந்தோசமாத்தான் இருந்துச்சு. வேணும்னே கூட ஒரு மிதி மிதிச்சேன். மூணாவது வளைவுல செருப்பு ரெண்டும் தெறிச்சுப் போச்சு. சரளைக் கல்லுல வெறுங்காலோட ஓடினாரு. வளைஞ்சு திரும்புறப்ப முகம் தெரிஞ்சுச்சு. அழுதுக்கிட்டு ஓடினாரு. "வெள்ளத்தாயி, எம்புள்ள இத்தனை நாளு இப்படியா நடந்துச்சு? இப்படியாடி நடந்துச்சு?"ன்னு மலை பூராம் கேக்கக் கத்தினாரு. அதுக்குப் பெறகு பிரேக்கை நான் பாத்துத்தான் மிதிச்சேன்.

ஜெபமணி பட்டறையில காரு உள்ள போயி நின்னுச்சு, அவரு பட்டறையைச் சுத்திச் சுத்தி ஓடினாரு. ஜெபமணி பானெட்டைத் தொறந்து பாத்தான், கீழ படுத்துப் பாத்தான், எந்திரிச்சு வந்து தலையில கையை வச்சான். "அக்கா, இதுல மாத்த வேண்டாததுன்னா நம்பர் பிளேட்டு ஒண்ணுதான். முழுசாப் பாக்க ஒரு மாசத்துக்கு மேலயே ஆகும். அண்ணனுக்கு அவசரம்னா, இப்போதைக்கு அந்தக் குழாயை மட்டும்..."

"கழட்டுடா!" சுவத்துக்கு அந்தப் பக்கம் ஓடிக்கிட்டு இருந்தவரு அங்க இருந்தே கத்தினாரு. "எல்லாத்தையும் கழட்டு! ஒண்ணு விடாமக் கழட்டு!"

ஜெபமணி முதல்ல அந்தக் கயித்தை அறுத்தான். அவரு வாசல்ல பொத்துனு உக்காந்தாரு. பெறகு மஞ்சத் தண்ணியத் தொறந்து விட்டான், கம்பிய வெட்டினான், ஆப்பைப் பிடுங்கினான், சோப்பைச் சுரண்டினான், வெள்ளித்தாளை எடுத்தான். மேல ஊர்ல மதினி கண்ணு காஞ்சதும், முறை சுத்தித் திரும்ப வந்திருந்த வாத்தியாரு தானா நடந்ததும், ரகசியம் ஒண்ணு வெளிய போகாம வயித்துக்குள்ளயே தங்கிப் பரமன் தவிச்சதும் அப்புறம் வந்த சேதி. கோளாறெல்லாம் காருக்கே திரும்பி, கழட்டின பழைய சாமானோட பட்டறை மூலையில குவிஞ்சு கிடந்துச்சு. ஒரு மாசம் ஊரு நடந்துச்சு. ஒருத்தரும் சாகல. ஒரு பிரசவத்துக்குத் தூளி கட்டினாங்க. முன்னாடி கம்பு பிடிச்சது பெருமாள்சாமி.

அன்னைக்கு பட்டறையில, ஜெபமணி பின் கதவைத் தொறந்து, "அக்கா, சீட்டைக் கழட்டணும், புள்ளைய எழுப்புங்க"ன்னான். காளீசு ரெண்டு காலையும் குறுக்கிக்கிட்டு, அசையாம, வாயைத் திறந்து தூங்கிக்கிட்டு இருந்தா. எங்க வீட்டு மனுசன் ரத்தக் காலோட தவழ்ந்து வந்து கதவுகிட்ட உக்காந்தாரு. மகளோட ஒரு பாதத்தை எடுத்து மடியில வச்சுக்கிட்டாரு.

"சீட்டைக் கடைசியாக் கழட்டிக்கலாம் தம்பி"ன்னாரு. "இப்போதைக்குத் தூங்கட்டும்."

அந்த வார்த்தைக்கு நான் எரிஞ்சு விழாத ஒரே நாளு அதுதான்.